எல் என்றால் லாரி

எல் என்றால் லேடீஸ். டின் மூடியில் மார்க்கரால் எழுதியபோது என் மனதில் இருந்தது அதுதான். ஏழு என்றால் ஏழாவது கலவை. எல்-7.

ஸ்ப்ரே மேஸ்திரிக்கு எல் என்றால் லாரி. ஏழு என்றால் ஏழாம் நம்பர் இடத்தில் நிற்கிற வண்டி.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தேன். ஏழாம் நம்பர் இடத்தில் ஒரு பத்து சக்கர லாரி நின்றது. அதன் கேபின் முழுக்க, கதவு, பம்பர், கண்ணாடித் தண்டு உட்பட, ரோஸ். சும்மா ரோஸ் இல்லை. பழுத்த கொய்யாவை இரண்டாகப் பிளந்தால் உள்ளே ஒரு நிறம் இருக்குமே, அதில் யாரோ தீ வைத்த மாதிரி. காலை வெயில் கூரை ஓட்டை வழியாக விழுந்து கதவு ஓரத்தில் ஊதாவாக வழுக்கிக்கொண்டு ஓடியது.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். "அடேங்கப்பா, என்ன அழகுடா!" என்றுதான் தோன்றியது. பயம் அதற்கு அடுத்த மூச்சில் வந்தது. அந்த லாரி அடர் நீலமாக இருந்திருக்க வேண்டும்.

நான் இந்தப் பட்டறையில் கலர் கலக்குகிறவள். கதவும் ஒரு ஜன்னலும் உள்ள சின்ன அறை, ஒரு மின்தராசு, சுவர் முழுக்க டின்கள். வேதியியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை உள்பக்கமிருந்து பார்த்த முதல் ஆள். அதனால் பட்டறையில் என் பெயர் டிகிரி. 'டிகிரி, டீ வந்துருச்சு.' 'டிகிரி, கொஞ்சம் நகரு.' மரியாதையா கிண்டலா என்று ஆறு மாதமாகத் தெரியவில்லை. அந்த ஆறு மாதம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கு முதலாளி கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடி வீடு, மறுபடி அம்மாவின் முகம், மறுபடி 'படிச்சு என்ன கிழிச்ச' என்று கேட்கிற அக்கம்பக்கம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பட்டச் சான்றிதழை நீட்டினேன். முதலாளி அதைத் திறக்கவே இல்லை.

"அதெல்லாம் வேணாம்மா. துணிக்கடையில ஒரே சிவப்புக்குள்ள எட்டு சிவப்பு பாக்குற ஆளுங்க நீங்கதானே. பொம்பளப் புள்ளைங்களுக்குக் கலர் ரத்தத்துலயே இருக்கு."

மூன்று வருடம் ஆய்வகத்தில் ஆசிட் வாசனையில் நின்று படித்ததை அந்த மனுஷர் ஒரே வாக்கியத்தில் துணிக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமிலிருந்து ஆர்டர் வந்தது. பெண்களுக்கென்று முப்பது வண்டிகள். "லேடீஸ் கலர் ஒண்ணு போட்டுக் குடு டிகிரி. உனக்குத் தெரியாததா? பிங்க்தான்" என்றார் முதலாளி. எனக்கு மண்டைக்குள் கொதித்தது. லேடீஸ் கலர் என்று எந்த அட்டவணையில் இருக்கிறது? கோபத்தில் அரை மணி நேரத்தில் ஆறு கலவை அடித்தேன். பவுடர் டப்பா ரோஸ், பல்செட்டு ரோஸ், சோப்பு ரோஸ். எல்லாம் குமட்டியது.

ஏழாவதை நான் கோபத்தில் கலக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பிடித்த நிறமே ரோஸ்தான்.

சிரிக்காதீர்கள். பெண் குழந்தைக்கு ரோஸைத் திணிக்கிறார்கள் என்று கல்லூரியில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். நானும் கைதட்டினேன். ஆனால் என்மேல் யாரும் ரோஸைத் திணித்ததில்லை. திணிக்கவும் காசு வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் அண்ணன் போட்டுக் கழித்த நீலச் சட்டை, அண்ணன் போட்டுக் கழித்த காக்கி டிரவுசர். பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு ரோஸ் கவுன் காய்ந்தால் அது காய்கிற வரைக்கும் நின்று பார்ப்பேன். கையில் சம்பளம் வந்தபோது வாங்கியிருக்கலாம். அதற்குள் ரோஸ் போட்டால் தலையில் ஒன்றும் இல்லாதவள் என்று நினைப்பார்கள் என்று எனக்கே தெரிந்துவிட்டது. கறுப்பும் சாம்பலுமாக உடுத்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஏழாவது கலவையில்தான் பிடித்ததையெல்லாம் கொட்டினேன். வெள்ளையைக் குறைத்தேன். ஆரஞ்சு மூன்று சொட்டு. ஊதா ஒரே ஒரு சொட்டு. முத்துத் தூள். தகட்டில் அடித்துக் காயவைத்து, ஜன்னல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பெரிய டின் நிறையக் கலக்கி, மூடியில் எல்-7 என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இப்போது அது மொத்தமும் லாரிமேல் இருந்தது.

மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். மீசை இரண்டு பக்கமும் ஆளுக்கு முன்னால் போகும்.

"என்ன மேஸ்திரி இது?"

"லாரி."

"லாரின்னு தெரியுது. கலர்?"

"டின்ல இருந்த கலர்."

"லாரிக்கு யாராவது இத அடிப்பாங்களா? ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "போன வாரம் நீ என்ன சொன்ன? 'டின்ல என்ன இருக்கோ அத அடிங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கிறேன்.' பத்துப் பேருக்கு முன்னாடி சொன்ன. நான் யோசிக்கல."

சொன்னேன்தான். ஒரு கார் வேலையில், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று என் சாம்பலில் அவர் ஒரு கரண்டி வெள்ளையை ஊற்றியிருந்தார். பட்டறையே அதிர்கிற மாதிரி கத்தினேன்.

"எல் எதுக்கு லாரி? லாரி டின்னுல நான் ஹெச்-3னு எழுதி வச்சிருக்கேனே!"

"ஹெச்னா?"

"ஹெவி வண்டி. கம்பெனி அட்டவணையில அப்படித்தான் இருக்கு."

"உனக்கு முன்னாடி இருந்தவன் பதினோரு வருஷமா எல்லுனு எழுதினான். எல்லுன்னா லாரி, சி-ன்னா கார், எஸ்ஸுன்னா ஸ்கூட்டர். அட்டவணைய நீ படிச்சிருக்க. நாங்க எப்பம்மா படிச்சோம்?"

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். கீழ்த்தட்டில் ஹெச்-3, மூடி திறக்காமல், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, சரி. நானும் யாரையும் கேட்கவில்லை. படித்த திமிர் என்று ஒன்று உண்டு. என்னிடம் அது நிறையவே உண்டு.

"ஞாயித்துக்கிழமை ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே மேஸ்திரி."

"பண்ணி? மறுபடி திட்டு வாங்கவா?" கன்னைத் துடைத்து மாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா ஒண்ணு. அடிக்க அடிக்கக் கை நிக்கல. கதவு முடிச்சேன், அப்புறம் பம்பர் சும்மா கறுப்பா இருந்தா எடுப்பா இருக்காதேன்னு அதையும் அடிச்சேன். மேல பளபளப்புக்குக் கிளியர் ரெண்டு கோட்டு. சூடு குடுத்துக் காய வச்சாச்சு. இனி சுரண்டணும்னா ரெண்டு நாள்."

அதற்குள் மற்றவர்கள் கூடிவிட்டார்கள். நெளிவு எடுக்கிற ஆளுக்குப் பட்டறையில் சுத்தியல் என்று பெயர். வாயும் அப்படித்தான் அடிக்கும்.

"யாருப்பா இந்தக் கல்யாணப் பொண்ணு? லிப்ஸ்டிக் மட்டும் பாக்கி போல."

"பின்னாடி என்ன எழுதறது? 'ஹாரன் அடிக்காதே'வா?"

"'ஹாரன் அடிக்காதே, வெக்கமா இருக்கு'ன்னு எழுது."

பட்டறையே குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது முதலாளியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எல்லோரும் ஆளுக்கொரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காணாமல் போனார்கள்.

முதலாளி லாரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அது இன்னும் ரோஸாகத்தான் இருந்தது.

"யாரு?"

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார். டின்ல தப்பா எழுதிட்டேன்."

"இது யாரு வண்டி தெரியுமா? இடியோட வண்டி!"

இடியைத் தெரியாதவர் யார்? சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர். ஆறடிக்கு மேல் உயரம். ரகசியம் பேசினாலே மூன்று தெரு கேட்கும்.

"பத்து மணிக்கு வர்றான். நீயே அவன்கிட்ட பேசு. படிச்சிருக்கல்ல, பேசு. அவன் சமாதானமா போனா வெள்ளிக்கிழமை கையெழுத்து. அவன் இங்க நின்னு ஆட்டம் போட்டான்னா, நீ வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வர வேணாம்." மேஜைக்குப் போகிற வழியில் தலையை ஆட்டிக்கொண்டே முணுமுணுத்தார். "கலர் தெரியும்னு பொம்பளப் புள்ளைய வச்சேன் பாரு."

பத்து மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வெளியே குரல் கேட்டது. "எங்க அவ? ரெடியாயிட்டாளா?"

அவர் லாரியை எப்போதும் அவள் என்றுதான் சொல்வார். 'அவளுக்குப் பிரேக் புடிக்குது.' 'நேத்து அவ சரியா இழுக்கல.' உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். நம்பர் பிளேட்டைக் குனிந்து படித்தார். மறுபடி படித்தார்.

"ஏம்மா பாப்பா, இது என் வண்டியா?"

"ஆமாண்ணே. பாப்பா இல்ல, நான்தான் கலர் கலக்குறேன். தப்பு என்னோடது. ரெண்டு நாள் குடுங்க, நீலம் அடிச்சுத் தர்றோம்."

"ரெண்டு நாளா?" கூரைத் தகடு அதிர்ந்தது. "பன்னெண்டு மணிக்கு குடோன்ல லோடு ஏத்தணும்! ஆம்பள ஓட்டுற வண்டியாம்மா இது? நாலு பேரு பாத்தா நான் எங்க மூஞ்சிய வைக்கிறது?"

மேஸ்திரி மெல்ல நடுவில் வந்தார். மனுஷர் என்னைக் காப்பாற்றத்தான் வந்தார், அது எனக்குத் தெரியும்.

"என்ன அண்ணே, நீங்களே எப்பவும் அவ அவன்னுதானே சொல்றீங்க. பொம்பளைக்குப் பொம்பளைக் கலர். பொருத்தமாத்தானே இருக்கு?"

இடியின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. நெற்றியைச் சொறிந்தார். "அப்படிச் சொல்றியா? அதுவும் ஒரு கணக்குதான். அவதானே..."

அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வேலை என் கையில். முதலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், சரி சொல்லு என்று. என்னால் முடியவில்லை. ஆறு மாதமாகத் தொண்டையில் நின்றது எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்தது.

"இல்லண்ணே. அது காரணம் இல்ல."

மேஸ்திரி என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

"லாரி ஆம்பளையும் இல்ல, பொம்பளையும் இல்ல, இரும்பு. பொம்பளைக் கலருன்னு ஒண்ணு கிடையாது. லேடீஸ் கலர் கலக்குன்னு சொன்னாங்க, எனக்குக் கலக்கத் தெரியல. ஆறு தடவை கலக்கி ஆறும் குப்பை. இது எனக்குப் பிடிச்ச கலர். எனக்கு, எனக்கு மட்டும் பிடிச்சது. பொம்பளைங்கிறதால பிடிக்கல. பாத்தா வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது, அதனால பிடிச்சிருக்கு. உங்களுக்குப் பிடிக்கலன்னா சுரண்டிடலாம். ஆனா அவ அவன்னு சொல்லி உங்க தலையில கட்ட மாட்டேன்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது. எனக்கு ரோஸ் பிடிக்கும் என்று வாழ்க்கையில் முதல்தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், அதுவும் பதினாலு ஆம்பளைகளுக்கு நடுவில். சுத்தியல்கூட சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

இடி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏறு."

"எங்க?"

"வண்டியில ஏறு. லோடு விட முடியாது. வழியில எவனாவது கலரப் பத்திக் கேட்டா நீ பதில் சொல்லு. என் வாயால நான் சொல்ல மாட்டேன். லோடு ஏத்திட்டு, உன்ன இங்க இறக்கிவிட்டு, என்ன பண்றதுன்னு சொல்றேன்."

முதலாளி ஜன்னலிலிருந்து கையை வீசினார், போ போ என்று. ஏறினேன். மூன்று படி. உள்ளே உட்கார்ந்ததும் ஊரே என் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

பட்டறைத் தெருவைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. டீக்கடையில் கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. பஸ் ஒன்று பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது, ஜன்னலுக்கு ஜன்னல் தலை. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இடி, வண்டி வெக்கப்படுது?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இடியே கத்தினார். "ஆமா, உன் மூஞ்சியப் பாத்ததும்தான்!"

பஸ்ஸுக்குள் விசில் பறந்தது. இடி ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினார். உதட்டோரம் என்னவோ துடித்தது, உடனே மறைந்துவிட்டது. "உன்னப் பதில் சொல்லச் சொன்னேன். வாயைப் பாத்துட்டு உக்காந்திருக்க."

"நீங்க விட்டாத்தானே."

அடுத்த சிக்னலில் கேட்டேன். "அண்ணே, உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"லாரின்னா நீலம்தான்."

"லாரிக்கு இல்ல. உங்களுக்கு."

சிக்னல் பச்சையாகியும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் பத்து ஹாரன். "நாப்பத்தாறு வயசாச்சு. எவனும் இதக் கேட்டதில்ல" என்றார். கியரைப் போட்டு, குடோன் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

குடோன் வாசலில் வரிசை. நாற்பது லாரி இருக்கும். அத்தனையும் நீலம், அதே அடர் நீலம், நான் ஹெச்-3 என்று கலக்கி வைத்த அதே நீலம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நீளமான தகரக் கொட்டகை மாதிரி இருந்தது. நாங்கள் கடைசியில் போய் நின்றோம். டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் கதவில் விரலை வைத்துத் தேய்த்து, கையில் ஒட்டுகிறதா என்று பார்த்தார்.

கேட்டில் மைக் வைத்துக்கொண்டு ஒரு ஆள் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கொரகொரவென்ற மைக். ஒரு நம்பருக்கு நாலு வண்டி நகரும், நாலு பேரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று சண்டை போடுவார்கள். தினமும் இந்தக் கூத்துதானாம். "சாயங்காலம் மூணு, நாலு ஆகும்" என்று சொல்லிவிட்டு இடி இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அங்க... கடைசியில... ரோஸ் வண்டி! பத்து சக்கரம்தானே? உள்ள வா! ரோஸ் வண்டி!"

இடி துள்ளி எழுந்து தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார். "எங்களையா?"

"இங்க வேற ரோஸ் எதுண்ணே இருக்கு? எடுங்க, எடுங்க!" நான் டேஷ்போர்டைத் தட்டினேன்.

நாற்பது நீலத்தையும் ஓரமாகத் தாண்டிக்கொண்டு போனோம். முன்னால் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். "அதெப்படிய்யா, கடைசியில வந்தவன மொதல்ல விடுற?" மைக் ஆள் மைக்கிலேயே திட்டினார். "உள்ள பத்து சக்கரம் ஒண்ணு உடனே கேக்குறாங்க! உங்களுக்குள்ள எது பத்து, எது ஆறுன்னு எவன்யா இங்கேருந்து பாக்குறது? எல்லாம் ஒரே நீலமா நின்னா நான் எங்க தேடுறது? கண்ணுக்குத் தெரிஞ்சத கூப்புட்டேன், போ!"

ஒரு மணிக்கெல்லாம் லோடு ஏற்றி வெளியே வந்துவிட்டோம். இடி பாடவில்லை, அவ்வளவுதான். விசில் அடித்தார். எதிரே வந்த ஒவ்வொரு நீல லாரிக்கும் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

பட்டறை வாசலில் என்னை இறக்கிவிட்டார். முதலாளி, மேஸ்திரி, சுத்தியல் எல்லோரும் வாசலுக்கே வந்து நின்றிருந்தார்கள்.

"மாத்தணுமா?" என்று முதலாளி கேட்டார்.

"எவனாவது இதுமேல கைய வச்சான், கைய ஒடிச்சுருவேன்" என்றார் இடி. முதலாளியை ஒரு விரலால் கூப்பிட்டு, என்னைக் காட்டிச் சொன்னார். "இந்தப் புள்ள பொய் சொல்லி என் தலையில கட்டியிருக்கலாம். கட்டல. இத விட்டுடாத."

கியரைப் போட்டவர் ஜன்னல் வழியாகக் குனிந்தார். அவரால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

"கத்திரிப்பூ."

"என்னண்ணே?"

"எனக்குப் பிடிச்ச கலர். கத்திரிப்பூ. வெளிய எவன்கிட்டயாவது சொன்ன, வண்டிய உன் மேலயே ஏத்திடுவேன்."

தெரு முழுக்கக் கேட்டது. யாரும் கேட்காத மாதிரி நின்றோம்.

முதலாளி வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே காகிதத்தை எடுத்தார். "உங்க கைராசிம்மா, பொம்பளப் புள்ளைங்க கைராசியே..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் வாக்கியத்தைப் பாதியில் விழுங்கிக் கையெழுத்தை முழுசாகப் போட்டார். நான் வெளியே வந்து மேஸ்திரியிடம் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. "எல், சி, எஸ் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க மேஸ்திரி, ஒட்டி வைக்கிறேன்" என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நீ எழுது, நான் சொல்றேன்" என்றார்.

வியாழக்கிழமை ஷோரூம் மேனேஜர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கமகம சென்ட். பின்னால் முப்பது ஸ்கூட்டரும் பிரைமர் பூசி வரிசையாக நிறம் இல்லாமல் நின்றன. எல்-7 தகட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார் முதலாளி. மறுபடி கலக்கத் தயாராக இருந்தேன். மேனேஜர் தகட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இதா? இது லாரிக் கலராச்சே! மெயின் ரோட்டுல ரெண்டு நாளா ஒரு முரட்டு லாரி இந்தக் கலர்லதானே சுத்துது? சார், இது ரொம்ப ஆம்பளத்தனமா இருக்கு. லேடீஸ் இத வாங்க மாட்டாங்க. கொஞ்சம் லேடீஸுக்கு ஏத்த மாதிரி வேற குடுங்க."

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் ஒரு தின்னர் டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளில்! நூறு வருஷமாகப் பெண்கள் தலையில் கட்டின நிறம், ஒரு பெரிய உடம்புக்காரர் ஓட்டின மூன்றே நாளில் ஆம்பளையாகிவிட்டது.

"என்ன டிகிரி, வேற லேடீஸ் கலர் ஒண்ணு சொல்லு" என்றார் முதலாளி, பாவமாக.

எழுந்து போய் அட்டவணையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டேன். தொப்பென்று விழுந்தது. அறுநூற்றுச் சொச்சம் நிறம்.

"வண்டி யாரு சார் வாங்குறா? நீங்களா? முப்பது பேரு பதிவு பண்ணியிருக்காங்கல்ல? அவங்கள இங்க அனுப்புங்க. அவங்கவங்க வந்து சொல்லட்டும்."

"முப்பது கலரா? முடியுமா?" மேனேஜரும் முதலாளியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"முடியும்" என்று மேஸ்திரி சொன்னார். நான் சொல்வதற்கு முன்னாலேயே.

சனிக்கிழமை காலை முதல் ஆள் வந்தார். கட்டட வேலையில் சூப்பர்வைசராம். முப்பத்தைந்து வயது இருக்கும், தலையிலிருந்து இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, பூட்ஸில் சுண்ணாம்பு. என் அறை ஜன்னலில் வந்து நின்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன கலர்க்கா பிடிக்கும்?"

"சிரிக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"ஷோரூம்ல சொன்னேன், சிரிச்சாங்க." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "சிமெண்ட்."

"சாம்பலா?"

"இல்லம்மா, எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க! காஞ்ச சிமெண்ட் இல்ல. காயாத சிமெண்ட். அப்பத்தான் பூசி, மேல தண்ணி மினுங்கும் பாருங்க, அது."

நான் தராசை ஆன் பண்ணிவிட்டேன். கை பரபரத்தது. "அதுல ஓரமா ஒரு பச்சை ஓடும். கவனிச்சிருக்கீங்களா?"

"ஆமா!" ஜன்னல் கட்டையை அடித்தார். "ஆமா, ஓடும்! என் வீட்டுக்காரர் அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கிறார்! உங்களுக்குத் தெரியுமா அது?"

"உள்ள வாங்க" என்று கதவைத் திறந்தேன். "பச்சை எத்தனை சொட்டுன்னு நீங்களே சொல்லுங்க."